சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸில் எண்டோதெலின் ஏற்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்க்லிரோடெர்மா என்றும் சொல்லப்படும் சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில் பலரின் மருந்துச் சீட்டில் பொசென்டன், மாசிடென்டன், ஆம்பிரிசென்டன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று ஒரு கட்டத்தில் வந்து சேரும். எண்டோதெலின் என்ற பொருள் செல்லின் மேல் வந்து ஒட்டும் இடங்களுக்கு எண்டோதெலின் ஏற்பிகள் என்று பெயர். மூன்றும் அவற்றை அடைக்கும் மாத்திரைகள். விரல் புண்ணுக்காக ஒருவருக்கும், நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியதற்காக இன்னொருவருக்கும் இதே மாத்திரையை எழுதுகிறார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்த வேறொருவருக்கு இதைத் தருவதில்லை. ஒரே நோய், ஒரே மூலக்கூறு, ஆனால் உறுப்புக்கு உறுப்பு விடை மாறுகிறது. ஏன் என்பதைத்தான் இந்தப் பக்கம் கேள்வி பதிலாகப் பார்க்கிறது.

எண்டோதெலின் என்பது என்ன?

நம் ரத்தக் குழாய்களின் உள்பக்கத்தை ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். அந்தச் செல்கள் சுரக்கும் ஒரு சிறிய புரதத் துணுக்குதான் எண்டோதெலின். 1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவா, டொமோ மசாகி ஆகியோரின் குழு பன்றியின் பெருந்தமனிச் செல்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. மொத்தமே 21 அமினோ அமிலங்கள்தான். இருந்தாலும் ரத்தக் குழாயைச் சுருக்குவதில் உடலில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய பொருட்கள் மிகக் குறைவு. மண்ணுக்குள் வாழும் ஒருவகை நச்சுப் பாம்பின் விஷத்தில் உள்ள சாராஃபோடாக்சின் என்ற நச்சும் ஏறக்குறைய இதே வடிவம் கொண்டது என்று பிறகு தெரியவந்தது. இது எவ்வளவு வீரியமானது என்பதற்கு அதுவே நல்ல சான்று.

எண்டோதெலினில் 1, 2, 3 என்று மூன்று வகைகள் உண்டு. சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸில் பேசப்படுவது பெரும்பாலும் எண்டோதெலின்-1. செல்லுக்குள் முதலில் ஒரு நீளமான புரதம் உருவாகிறது. அது வெட்டுப்பட்டு 38 அமினோ அமிலங்கள் கொண்ட 'பெரிய எண்டோதெலின்' ஆகிறது. எண்டோதெலினை மாற்றும் நொதி அதை மறுபடி வெட்டும்போதுதான் வேலை செய்யும் வடிவம் கிடைக்கிறது.

ரத்தத்தில் எண்டோதெலின் அளவைப் பார்த்து நோயின் தீவிரத்தைச் சொல்லிவிடலாமா?

முடியாது. சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் இதன் அளவு கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எண்டோதீலியச் செல்கள் இதில் பெரும்பகுதியை ரத்தத்துக்குள் விடுவதில்லை. குழாய்ச் சுவரிலுள்ள தசையின் பக்கமாகச் சுரக்கின்றன. அங்கேயே ஏற்பியில் ஒட்டிக்கொண்டு வேலையைச் செய்துவிடுகிறது. ரத்தத்தில் கசியும் கொஞ்சமும் சில நிமிடங்களில் அகற்றப்பட்டுவிடும். ஆக, சுவருக்குள் நடப்பதில் ஒரு சிறு பகுதிதான் ரத்தப் பரிசோதனையில் தெரியும். மருத்துவமனைகளில் இதை வழக்கமான பரிசோதனையாகச் செய்யாததற்குக் காரணம் இதுதான். யாராவது இதற்காகத் தனியாகப் பணம் கட்டச் சொன்னால், முடிவை வைத்துச் சிகிச்சையில் எதை மாற்றப்போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

ஏ ஏற்பி, பி ஏற்பி என்று சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

எண்டோதெலின் எந்தச் செல்லின் மேல் வேலை செய்ய வேண்டுமானாலும் அந்தச் செல்லின் மேற்பரப்பில் அதற்கான ஏற்பி இருக்க வேண்டும். இரண்டு வகை ஏற்பிகளையும் 1990-இல் அடையாளம் கண்டார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால், மருந்துகளைப் பற்றிய வாதம் பாதி புரிந்த மாதிரி. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஏ ஏற்பி முக்கியமாக ரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் இருக்கிறது. எண்டோதெலின்-1 அதில் ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, தசை சுருங்குகிறது, குழாய் குறுகுகிறது. எண்டோதெலின் ஏற்பியை லேசில் விடுவதில்லை. எனவே இந்தச் சுருக்கம் நெடுநேரம் நீடிக்கும். நாள் கணக்கில் இதே தூண்டுதல் தொடர்ந்தால் தசைச் செல்கள் பெருகவும் தொடங்கும், சுவர் தடிக்கும்.

பி ஏற்பிக்கு இரட்டை முகம். எண்டோதீலியச் செல்களில் இருக்கும் பி ஏற்பி தூண்டப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் வெளிவருகின்றன. இரண்டும் குழாயைத் தளர்த்துபவை. அதோடு, சுற்றிவரும் எண்டோதெலினைப் பிடித்து அகற்றும் வடிகாலாகவும் அது இருக்கிறது. நுரையீரலில் இந்த வேலை அதிகம் நடக்கிறது. ஆனால் பி ஏற்பி தசைச் செல்களிலும் உண்டு, அங்கே இருப்பது ஏ ஏற்பியைப் போலவே சுருக்கத்தைத்தான் உண்டாக்கும். நோய் முற்றிய குழாய்களில் எண்டோதீலியம் சிதைந்துபோகிறது. தளர்த்தும் பி ஏற்பிகள் குறைந்து, சுருக்கும் பக்கத்துக் கை ஓங்குகிறது.

ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும், கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைத் தயாரிக்கும் செல்களிலும் இரண்டு ஏற்பிகளும் உண்டு. தழும்பைப் பற்றிய பேச்சு வரும்போது இது தேவைப்படும்.

இந்த நோயில் உண்மையில் எது கெடுகிறது?

சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிறிய ரத்தக் குழாய்கள் சேதமாகின்றன, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குகிறது, தோலிலும் உள்ளுறுப்புகளிலும் கொலாஜன் அளவுக்கு மீறிப் படிகிறது. இதில் ரத்தக் குழாய்ச் சேதம் மிக ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. தோல் தடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனாட் பிரச்சினை பலருக்கு வந்துவிடுவதே இதற்குச் சாட்சி.

சேதமான எண்டோதீலியம் எண்டோதெலினைக் கூடுதலாகச் சுரக்கிறது, நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத் தருகிறது. சின்னத் தமனிகளின் உள்ளடுக்கு தடித்து, குழாயின் துளை சுருங்கிக்கொண்டே போகிறது. திசுவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைவே எண்டோதெலின் சுரப்பை மறுபடி தூண்டும் காரணங்களில் ஒன்று. இப்படி ஒரு சுழல் உருவாகிவிடுகிறது.

தழும்புப் பக்கமும் இதே மூலக்கூறு தலைகாட்டுகிறது. எண்டோதெலின்-1 ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டினால் அது சுருங்கும் திறனுள்ள மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி, கொலாஜனைக் கொட்டத் தொடங்குகிறது. தழும்பை வளர்ப்பதில் பேர்போன டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் எண்டோதெலின் உற்பத்தியைக் கூட்டுகிறது. எண்டோதெலினும் தன் பங்குக்கு அந்தப் பாதையின் விளைவுகளைப் பெருக்கிவிடுகிறது. குழாய் நோயையும் தழும்பு நோயையும் இணைக்கும் கண்ணி இதுதான் என்று ஆய்வாளர்கள் நம்பியதில் நியாயம் இருந்தது. அந்த நம்பிக்கை பரிசோதனையில் எவ்வளவு தூரம் நின்றது என்பது பின்னால் வருகிறது.

அப்படியென்றால் எண்டோதெலின்தான் நோய்க்கு மூலகாரணமா?

இல்லை. மரபணுச் சாய்வு, சூழலில் இருந்து வரும் ஏதோ ஒரு தூண்டுதல், நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறு ஆகியவை சேர்ந்துதான் நோய் தொடங்குகிறது என்பதே இப்போதுள்ள புரிதல். தொடங்கிய சேதத்தை எண்டோதெலின் பெரிதாக்குகிறது. அதனால்தான் ஏற்பியை அடைப்பது நோயை வேரோடு பிடுங்குவதில்லை, சில விளைவுகளை மட்டும் தணிக்கிறது.

எண்டோதெலின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி என்று படித்தேன். அது என்ன?

நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் ரத்தக் குழாயையும் நேரடியாக இணைக்கும் கண்டுபிடிப்பு இது. 2011-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கேப்ரியலா ரீமெகாஸ்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் உள்ள பெரும்பாலானோரின் ரத்தத்தில் எண்டோதெலினின் ஏ ஏற்பிக்கும் ரத்தக் குழாயைச் சுருக்கும் இன்னொரு பொருளான ஆஞ்சியோடென்சினின் முதல் வகை ஏற்பிக்கும் எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன. இவை ஏற்பியை முடக்கவில்லை, மாறாகத் தூண்டின. எண்டோதெலின் வந்து ஒட்டாமலேயே ஏற்பி வேலை செய்யும் நிலை. இந்த ஆன்டிபாடிகள் அதிகமாக இருந்தவர்களுக்கு நுரையீரல் தமனி அழுத்தம் போன்ற கடுமையான சிக்கல்களும் அதிகம் காணப்பட்டன.

கோட்பாட்டளவில் மிக அழகான விளக்கம். ஆனால் நோயைக் கண்டறிய இன்றும் பயன்படுவது சென்ட்ரோமியர் ஆன்டிபாடி, டோபோஐசோமரேஸ் (எஸ்சிஎல்-70) ஆன்டிபாடி, ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 ஆன்டிபாடி ஆகியவைதான்.

ரேனாட் இருக்கிறது. உடனே இந்த மாத்திரையை ஆரம்பிக்கலாமா?

வேண்டாம், ரேனாட்டுக்கு இது முதல் மருந்து இல்லை. குளிரில் விரல் வெளுப்பதில் நரம்புகள் வழியாக வரும் அட்ரினலின் வகைச் சமிக்ஞைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, எண்டோதெலின் மட்டும் அதைச் செய்வதில்லை. நிஃபெடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்களைத்தான் முதலில் தருவார்கள். போதவில்லை என்றால் சில்டெனாஃபில், டடலாஃபில் வகை. இன்னும் கடுமையாக இருந்தால் இலோப்ராஸ்ட் ஊசி. கை கால்களை மட்டுமல்ல, முழு உடலையும் சூடாக வைத்திருப்பதும் புகையிலையை அறவே விடுவதும் மாத்திரைக்குக் குறைந்தவை அல்ல.

விரல் நுனிப் புண்ணுக்கு பொசென்டன் கொடுத்தார்கள். இருக்கும் புண் ஏன் இன்னும் ஆறவில்லை?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விடை தெரியாமல் பலர் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எப்போதாவது ஒருமுறை விரல் புண் வருகிறது. வலி தூங்கவிடாது, சட்டைப் பொத்தான் போடுவதுகூட வேதனை. அந்த நிலையில் இருப்பவர், இருக்கும் புண் ஆற வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

ஆனால் பொசென்டனுக்குச் சான்று இருப்பது புதுப் புண் வராமல் தடுப்பதில்தான். ராபிட்ஸ்-1 என்ற ஆய்வு 2004-இல் வெளியானது. அதில் 122 பேர் கலந்துகொண்டார்கள். 16 வாரங்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.7 புதுப் புண்களும், பொசென்டன் எடுத்தவர்களுக்கு 1.4 புதுப் புண்களும் வந்தன. 48 சதவீதம் குறைவு. 2011-இல் வெளியான ராபிட்ஸ்-2 ஆய்வில் 188 பேர். 24 வாரங்களில் 2.7-க்கு 1.9, அதாவது 30 சதவீதம் குறைவு. ஏற்கெனவே இருந்த புண்கள் ஆறும் வேகத்தில் இரண்டு ஆய்விலும் வித்தியாசம் தெரியவில்லை.

ராபிட்ஸ்-2 இதழில் வெளியாகும் முன்பே, இந்த ஆய்வு முடிவுகளின் அடிப்படையில்தான் ஐரோப்பாவில் 2007-இல் புது விரல் புண்களைக் குறைக்க பொசென்டனுக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரின் பரிந்துரையும் அளவாகவே இருக்கிறது: கால்சியம் தடுப்பான், சில்டெனாஃபில் வகை, இலோப்ராஸ்ட் ஆகியவற்றைப் பார்த்த பிறகும் பல புண்கள் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு பொசென்டனைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, புதுப் புண் எத்தனை வந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். இருக்கும் புண்ணுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும்: சரியான கட்டு, வலி மருந்து, தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் இலோப்ராஸ்ட். விரல் நுனி கறுத்தாலோ, சீழ் வந்தாலோ, வலி திடீரென்று பல மடங்கு கூடினாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.

பொசென்டனுக்குப் பின் வந்த மாசிடென்டன் இதைவிட நன்றாகத்தானே வேலை செய்ய வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். மாசிடென்டன் திசுவுக்குள் நன்றாக ஊடுருவும், ஏற்பியில் நெடுநேரம் தங்கும். ஆனால் டூயல்-1, டூயல்-2 என்ற இரண்டு ஆய்வுகள் 2016-இல் ஏமாற்றம் தந்தன. 16 வாரங்களில் புதுப் புண்களின் எண்ணிக்கை போலி மாத்திரைக் குழுவை விடக் குறையவில்லை. அந்த ஆய்வுகளில் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கே புதுப் புண்கள் குறைவாகத்தான் வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். குறைய இடமே கொஞ்சமாக இருக்கும்போது வித்தியாசத்தைக் காட்டுவது கடினம். அதற்கிடையே மற்ற சிகிச்சைகளும் மேம்பட்டிருந்தன. ஆனாலும் கிடைத்த சான்றை மதித்தாக வேண்டும். விரல் புண்ணுக்கு மாசிடென்டனை எழுதுவதற்கு ஆதாரம் இல்லை.

நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தில் இந்த மருந்துகளின் இடம் என்ன?

எண்டோதெலின் ஏற்பியை அடைப்பதால் மிகத் தெளிவான பலன் கிடைத்த இடம் இதுதான். நோயின் ஆபத்தான சிக்கலும் இதுவே. சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வருகிறது. நுரையீரலுக்குப் போகும் சிறு தமனிகள் தடித்துக் குறுக, இதயத்தின் வலது பக்கம் அந்த எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளிச் சோர்ந்துபோகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாத களைப்பு, கால் வீக்கம், மயக்கம் ஆகியவை அறிகுறிகள். முதலில் வருவது மூச்சு வாங்கல்தான், அதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவதால் கண்டுபிடிப்பது தாமதமாகிறது. அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எனப்படும் இதய ஸ்கேன், நுரையீரல் வாயுப் பரிமாற்றப் பரிசோதனை, இதயத்தின் மேலுள்ள சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

உறுதி செய்வதற்கு இதயத்தின் வலது பக்கத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளக்க வேண்டும். 2022-இன் ஐரோப்பிய வழிகாட்டிப்படி நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்ட வேண்டும், நுரையீரல் ரத்தக் குழாய்களின் எதிர்ப்பு 2 வுட் அலகுக்கு மேல் இருக்க வேண்டும், இதயத்தின் இடது பக்க அழுத்தம் 15-ஐத் தாண்டக் கூடாது. எக்கோவை மட்டும் நம்பி இந்த மாத்திரைகளை ஆரம்பிப்பது சரியில்லை. இதயத்தின் இடது பக்கக் கோளாறால் அழுத்தம் கூடியிருந்தால் இவை உதவாது, உடலில் நீர் சேர்ந்து நிலைமை மோசமாகவும் கூடும்.

மாத்திரையாகக் கிடைத்த முதல் எண்டோதெலின் ஏற்பித் தடுப்பான் பொசென்டன். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்றது. 213 பேரைக் கொண்ட பிரீத்-1 ஆய்வில் ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம் கூடியது. 2007-இல் ஆம்பிரிசென்டன் வந்தது. 2013-இல் வெளியான செராஃபின் ஆய்வு 742 பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்தது. தினம் 10 மில்லிகிராம் மாசிடென்டன் எடுத்தவர்களுக்கு நோய் மோசமடைவது அல்லது இறப்பு என்ற கூட்டு ஆபத்து 45 சதவீதம் குறைந்தது. நடை தூரத்தைத் தாண்டி, நோயின் போக்கையே அளந்த ஆய்வு என்பதால் இதற்கு எடை அதிகம்.

அப்புறம் 2015-இல் அம்பிஷன் ஆய்வு வந்தது. ஆம்பிரிசென்டனையும் டடலாஃபிலையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால், ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிகிச்சை தோல்வி பாதியாகக் குறைந்தது. ஒரு மருந்து எண்டோதெலின் பாதையையும் மற்றொன்று நைட்ரிக் ஆக்சைடு பாதையையும் பிடிக்கிறது. இப்போது பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த இரட்டைத் தொடக்கமே பரிந்துரைக்கப்படுகிறது. இந்த ஆய்வுகளில் சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் போன்ற இணைப்புத் திசு நோய் உள்ளவர்களும் கணிசமாக இருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தமனி அழுத்தத்தைவிட, சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸோடு வருவது மருந்துக்குக் குறைவாகவே பணிகிறது. இதயத் தசையே பாதிக்கப்பட்டிருக்கலாம், நுரையீரலில் தழும்பு இருக்கலாம், தமனியோடு சிறு சிரைகளும் அடைபட்டிருக்கலாம். சிரைகள் அடைபட்டவர்களுக்கு இந்த மருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மருந்து ஆரம்பித்த சில நாட்களில் மூச்சுத் திணறல் கூடினால் உடனே சொல்ல வேண்டும்.

நுரையீரல் தழும்புக்கு ஏன் இது பயன்படவில்லை?

ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. எண்டோதெலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டுகிறது, அடைத்தால் கொலாஜன் குறைகிறது. 163 பேரைக் கொண்ட பில்ட்-2 ஆய்வு இதை நோயாளிகளிடம் சோதித்தது. சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸால் நுரையீரல் தழும்பு வந்தவர்களுக்கு பொசென்டன் கொடுத்தும் நடை தூரத்திலோ நுரையீரல் கொள்ளளவிலோ பலன் இல்லை. முடிவுகள் 2010-இல் வெளியாயின. காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய்க்கு ஆம்பிரிசென்டன் கொடுத்த ஆர்டெமிஸ் ஆய்வையோ பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு நோய் வேகமாக முன்னேறியது. அந்த நோய் உள்ளவர்களுக்கு ஆம்பிரிசென்டன் கூடாது என்பது இப்போது விதி.

தழும்புக்குப் பல பாதைகள் உண்டு. ஒன்றை அடைத்தால் மற்றவை அதன் வேலையை எடுத்துக்கொள்கின்றன என்பதே எனக்கு ஏற்கத்தக்க விளக்கமாகப் படுகிறது. இறுகிப்போன திசு, எந்த ரசாயனத் தூண்டுதலும் இல்லாமல், தன் இறுக்கத்தாலேயே ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தொடர்ந்து தூண்டுவதும் உண்டு. ரத்தக் குழாயில் எண்டோதெலின் முன்வரிசையில் நிற்கிறது, தழும்பில் பலரில் ஒருவராக நிற்கிறது.

நுரையீரல் தழும்புக்கு இன்று பயன்படுபவை மைக்கோஃபீனோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைட், நின்டெடனிப், டோசிலிசுமாப் போன்றவை. தழும்பும் தமனி அழுத்தமும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு எண்டோதெலின் தடுப்பானைத் தருவதா என்பது நுரையீரல் நிபுணரும் வாதநோய் நிபுணரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

தோல் தடிப்பு குறையுமா?

அதற்கான அனுமதியோ உறுதியான சான்றோ இல்லை. தோலுக்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம்.

சிறுநீரக நெருக்கடியில்?

ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி சிறுநீரகம் செயலிழக்கும் இந்த அவசர நிலையில் எண்டோதெலின் கூடியிருப்பது தெரிந்ததுதான். ஆனாலும் உயிர் காப்பது காப்டோப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பான்களே. எண்டோதெலின் தடுப்பான்களைச் சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், வழக்கமான சிகிச்சையாக அவை ஆகவில்லை. வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருப்பது நல்லது. வேகமாகப் பரவும் தோல் தடிப்பு உள்ளவர்களும், ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 ஆன்டிபாடி உள்ளவர்களும், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டு ஏற்பியையும் அடைப்பது நல்லதா, ஏ ஏற்பியை மட்டுமா?

பொசென்டனும் மாசிடென்டனும் இரண்டையும் அடைக்கும். ஆம்பிரிசென்டன் பெரும்பாலும் ஏ ஏற்பியை மட்டும். பி ஏற்பி நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது, எண்டோதெலினை அகற்றுகிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. நோயுற்ற குழாயில் தளர்த்தும் பி ஏற்பி குறைந்து சுருக்கும் பி ஏற்பிதான் மிச்சம், தழும்பிலும் அதற்குப் பங்கு உண்டு, ஆகவே இரண்டையும் அடை என்பது எதிர்த்தரப்பு. இரண்டிலும் தர்க்கம் இருக்கிறது. ஆனால் நோயாளிகளிடம் ஒன்று மற்றதைத் தெளிவாக வென்றதாகக் காட்ட முடியவில்லை. ஆகவே எந்த மருந்து என்பதை மற்ற விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: கல்லீரல் எப்படி இருக்கிறது, வேறென்ன மருந்துகள் எடுக்கிறார், கால் வீக்கம் இருக்கிறதா, ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையா இரண்டா, என்ன விலை.

என்னென்ன பக்கவிளைவுகளைக் கவனிக்க வேண்டும்?

பொசென்டனில் முதல் கவலை கல்லீரல். வழக்கமாக 62.5 மில்லிகிராம் இரண்டு வேளை என்று நான்கு வாரம் கொடுத்து, பிறகு 125 மில்லிகிராம் இரண்டு வேளை ஆக்குவார்கள். விரல் புண்ணோ தமனி அழுத்தமோ, எதற்காக எடுத்தாலும் மாதந்தோறும் கல்லீரல் நொதிகளைப் பார்க்க வேண்டும். நொதி உயர்வு பெரும்பாலும் அறிகுறி காட்டாது, அளவைக் குறைத்தால் அல்லது நிறுத்தினால் இறங்கிவிடும். பரிசோதனையைத் தவறவிட்டால்தான் ஆபத்து. சிடாக்சென்டன் என்ற இதே வகை மருந்து, உயிரைப் பறித்த கல்லீரல் பாதிப்புகளால் 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இந்தக் கண்டிப்பு வெற்றுச் சம்பிரதாயம் அல்ல. ஆம்பிரிசென்டனிலும் மாசிடென்டனிலும் கல்லீரல் தொல்லை குறைவு.

கால் வீக்கம், தலைவலி, மூக்கடைப்பு, ஹீமோகுளோபின் குறைதல் ஆகியவை இந்த வகை முழுவதிலும் வரும். சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸில் குடல் வழியாக ரத்தம் கசிந்தும் ஹீமோகுளோபின் குறையலாம், அதனால் எல்லாப் பழியையும் மாத்திரையின் மேல் போட்டுவிடக் கூடாது.

வேறு மருந்துகளோடு மோதுமா?

பொசென்டன் நிறையவே மோதும். சைக்ளோஸ்போரினோடும், சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடோடும் அதைச் சேர்க்கவே கூடாது. சில்டெனாஃபிலின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடும். வார்ஃபரின், சில கொழுப்பு மாத்திரைகள் ஆகியவற்றின் வீரியத்தையும் குறைக்கலாம். மாசிடென்டனை ரிஃபாம்பிசின், கீட்டோகோனசோல், ரிடோனவிர் போன்றவற்றோடு தவிர்க்க வேண்டும். புது மருந்து எதை எழுதும்போதும் முழுப் பட்டியலைக் காட்டுங்கள்.

கர்ப்பம் தரிக்க நினைக்கிறேன். இந்த மாத்திரை எடுக்கலாமா?

கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது. கருவின் தாடை, முகம், இதயம், பெருந்தமனி ஆகியவை உருவாக எண்டோதெலின்-1-உம் ஏ ஏற்பியும் தேவை. இவற்றின் மரபணு நீக்கப்பட்ட எலிக் குட்டிகள் முகமும் இதயமும் கோணலாகப் பிறந்து இறந்துவிட்டன. இந்த வகை மாத்திரைகளும் விலங்குகளில் அதே மாதிரியான ஊனங்களை உண்டாக்கின. எனவே தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, எடுக்கும் காலம் முழுவதும் மாதந்தோறும் பரிசோதனை, நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை நம்பகமான கருத்தடை என்பது நடைமுறை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு. பொசென்டன் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். அதை மட்டும் நம்பியிருந்தால் போதாது, வேறு முறையும் வேண்டும். நோய் அதிகம் தாக்குவது பெண்களை, அதிலும் பலருக்குக் குழந்தை பெறும் வயதிலேயே வருகிறது. அதனால் இந்தப் பேச்சு மருந்து எழுதும் அன்றே நடக்க வேண்டும். மருத்துவர் மறந்தால் நீங்களே கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நுரையீரல் தமனி அழுத்தம் இருந்தால் கர்ப்பமே தாயின் உயிருக்கு ஆபத்து என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பாலூட்டும்போதும் இவை வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், குழந்தைத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எண்டோதெலினைத் தாண்டிப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?

நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொடாடெர்செப்ட் ஊசி முற்றிலும் வேறு பாதையில் வேலை செய்கிறது. குழாயைத் தளர்த்துவதற்குப் பதிலாக, சுவர்ச் செல்கள் பெருகச் சொல்லும் ஆக்டிவின் சமிக்ஞையைப் பிடித்து நிறுத்துகிறது. எண்டோதெலின் பக்கமும் ஓய்ந்துவிடவில்லை. சிறுநீரக நோய்க்கு 2023-இல் ஸ்பார்சென்டன், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்துக்கு 2024-இல் அப்ரோசிடென்டன் என்று இதே ஏற்பிகளைக் குறிவைக்கும் மருந்துகள் வேறு நோய்களுக்கு வந்துள்ளன. சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸுக்கு இவை அனுமதிக்கப்படவில்லை.

புண் வருவது நின்றுவிட்டது, மூச்சும் பரவாயில்லை. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக நுரையீரல் தமனி அழுத்தத்துக்காக எடுப்பவர்கள். ஏற்பி அடைபட்டிருந்தாலும் எண்டோதெலின் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. பி ஏற்பியையும் அடைக்கும் மருந்தில் அகற்றும் வேலை குறைவதால் ரத்தத்தில் அதன் அளவு கூடவும் செய்கிறது. மருந்தைச் சட்டென்று எடுத்தால் அறிகுறிகள் திரும்பலாம். விரல் புண்ணுக்காக மட்டும் எடுப்பவர்கள் நிலைமை வேறு. வெகுநாள் புதுப் புண் இல்லாமல் இருந்தால், பொசென்டன் இன்னும் தேவையா என்று மருத்துவரோடு அவ்வப்போது மறுபரிசீலனை செய்வதே முறை. செலவு கட்டுப்படியாகாமல் நாள் விட்டு நாள் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைக்கோ வேறு மருந்துக்கோ மாற்ற முடியுமா என்று அவரால் பார்க்க முடியும். தெரியாவிட்டால், மருந்து பலன் தரவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.